தன்னாமுனை ஒஸ்ரின்

"என்ட கார் இன்னும் களவு போகல்ல, சேர். வெள்ளிக்கிழமதான் களவு போகப்போகுது."

மட்டக்களப்புப் புளியந்தீவில், மாவட்ட அரச அலுவலகமான கச்சேரிக்குப் போகும் ஒழுங்கையில் இருந்த அந்தச் சின்ன அறைக்குள் வந்து கதிரையில் அமர்ந்ததும் பியட்றிஸ் சொன்ன முதல் பேச்சு அதுதான். அவருக்கு அறுபத்திரண்டு வயது. பூப்போட்ட கவுன் அணிந்திருந்தார். மடியில் இருந்த தோல்பையை யாரோ பறிக்க வருவதுபோல இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார்.

ஸஹீதா நிரப்பிக்கொண்டிருந்த படிவத்தை ஒதுக்கி வைத்தாள். காத்தான்குடியில் பெண்களுக்குக் கார் ஓட்டப் பழக்குகிறவள் அவள். தன்னிடம் பழகுகிறவர்களின் அனுமதிப்பத்திர வேலைகளுக்காக இந்த அறையில் ஒரு மேசை போட்டிருந்தாள். மற்ற மேசை கதிர்காமத்தம்பியுடையது. முப்பத்திரண்டு வருடம் மோட்டார் வாகனப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் ஊரில் யாருடைய வாகனத்துக்காவது வில்லங்கம் வந்தால் பொலிசுக்குப் போகுமுன் இவரிடம் வந்துவிட்டுத்தான் போவார்கள். கடந்த இரண்டு வருடத்தில் காணாமற்போன மூன்று மோட்டார் சைக்கிள்களையும் ஓர் உழவு இயந்திரத்தையும் அவர் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தார். யோசித்தது அவர். ஓடித் திரிந்தது ஸஹீதா. அந்த ஓட்டம் அவளுக்குப் பிடித்திருந்தது.

"நாள் குறிச்சு வாற கள்ளன நான் இதுவரைக்கும் கண்டதில்ல," என்றார் கதிர்காமத்தம்பி. "ஆறுதலாச் சொல்லுங்க அக்கா. என்ன கார்?"

"ஒஸ்ரின் ஏ-நாற்பது. ஐம்பத்திமூண்டாம் ஆண்டுக் கார். பேர்டிட கார், சேர்."

பேர்டி அவருடைய கணவர். டச்பாரில் மோட்டார்ப் பட்டறை வைத்திருந்தவர். 2004ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, பியட்றிஸ் தேவாலயத்துக்குப் போயிருந்த நேரத்தில் கடல் வந்தது. பேர்டியை அது கொண்டுபோய்விட்டது. பட்டறை இருந்த இடத்தில் வெறும் மணல்தான் மிஞ்சியது. காரை மட்டும் மூன்று நாளுக்குப் பிறகு வாவிப் பக்கமாக மூக்குக் குத்திப் புதைந்து கிடந்த நிலையில் கண்டெடுத்தார்கள். பேர்டியின் அண்ணன் மகன் ட்றெவர் அதை வெளியே இழுத்து, ஒன்றரை வருடம் பாடுபட்டு ஓடவைத்தான். பியட்றிஸ் தன்னாமுனையில் குடியேறியபின் அந்தக் காரே அவருடைய பிழைப்பாயிற்று. கலியாண வீடுகளுக்கு அதை வாடகைக்கு விட்டார். ட்றெவர் ஓட்டினான்.

"சண்ட முடிஞ்சாப்பிறகு ஊரெல்லாம் கலியாணம்தானே, சேர். இந்த மாசம் மட்டும் ஏழு வீடு சொல்லி வச்சிருக்காங்க. ஏறாவூர்ல ரெண்டு, வாழைச்சேனைல ஒண்டு…" விரல் விட்டு எண்ணத் தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். பையைத் திறந்து ஒரு கடித உறையை மேசையில் வைத்தார். "நேத்து இது வந்தது."

மட்டக்களப்புச் சட்டத்தரணி ஒருவரின் கடிதம். அவருடைய கட்சிக்காரர் கிளென் என்பவர் குறித்த காரை 2004 நவம்பர் 12ஆம் திகதி பேர்டியிடம் வாங்கிவிட்டாராம். சில திருத்த வேலைக்காகப் பேர்டியிடமே விட்டுச் சென்றாராம். கடல்கோளில் கார் அழிந்ததாகவே இத்தனை நாளும் நம்பியிருந்தாராம். 2009 ஒக்டோபர் 16, வெள்ளிக்கிழமை காலை காரை ஒப்படைக்க வேண்டும், மறுத்தால் வழக்கு. கூடவே விற்பனைக் கடதாசியின் பிரதி ஒன்றும் இருந்தது.

"கிளென் ஆரு?" என்று ஸஹீதா கேட்டாள்.

"பேர்டிட பழைய கூட்டாளி, மகள். ரெண்டு பேரும் ஒண்டாத் தொழில் பழகினவங்க. மறுகா அவர் கொழும்புக்குப் போயிட்டார். இப்ப பழைய காருகள வாங்கி, ஆசைப்பட்ட ஆக்களுக்கு விக்கிறாராம். பாதை திறந்தோடன இந்த மாசம் நாலாந் திகதி வந்தார். காரக் கேட்டார். தரமாட்டன் எண்டன். சிரிச்சிட்டுப் போனார்."

கதிர்காமத்தம்பி கடதாசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கையெழுத்து பேர்டிடதானா?"

பியட்றிஸ் அந்த எழுத்தின் வளைவுகளை விரலால் தொட்டுப் பார்த்தார். "பாத்தா அவருடையது மாதிரித்தான் கிடக்கு," என்றார் மெல்ல.

"சாட்சி ரெண்டு பேர். இவங்க?"

"ரெண்டு பேரும் டச்பார் ஆக்கள். கடலோட போயிட்டாங்க."

"சாட்சியும் மௌத்து, வித்தவரும் மௌத்து!" ஸஹீதா துள்ளி எழுந்தாள். "பச்சைப் பொய், சேர். பொலிசில குடுப்பம்."

"குடுத்தா பொலிஸ் காரக் கொண்டு போய்த் தங்கட முற்றத்தில விடும். வழக்கு முடியும்வரைக்கும் அது மழையில நிக்கும். ஏழு கலியாணமும் போயிடும். அக்காட பதிவுப் புத்தகம் எங்க?"

"கடல்ல போச்சு."

"கொழும்புப் பதிவில சொந்தக்காரர் எண்டு ஆர்ட பேர் கிடக்கு?"

"பேர்டிடதான். மாத்தல்ல, சேர். மாத்தப் போனா அவர்ட மரணச் சான்றிதழக் குடுக்கவேணும்…" பியட்றிஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கதிர்காமத்தம்பி அதற்குமேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை. "ஸஹீதா, கடதாசில கிடக்கிற இலக்கங்கள எழுதி எடுங்க," என்றார்.

ஸஹீதா தன் கொப்பியில் எழுதினாள். காரின் அடியில் பதித்த சட்டக இலக்கத்துக்குக் கீழே எஞ்சின் இலக்கம்: 518468.

மறுநாள் புதன்கிழமை கொழும்பிலிருந்து பழைய நண்பர் ஒருவர் பதிவேட்டின் விவரத்தைத் தொலைநகலில் அனுப்பியிருந்தார். சட்டக இலக்கம் பொருந்தியது. எஞ்சின் இலக்கம் பொருந்தவில்லை. பதிவேட்டில் இருந்தது 402175.

"முடிஞ்சுது வேல!" என்றாள் ஸஹீதா. "ஆக்கள் கடதாசிய எழுதேக்க வாயில வந்த இலக்கத்தப் போட்டிருக்காங்க."

"வாயில வந்த இலக்கத்த ஒருத்தன் ஏன் போடவேணும்? சட்டகம் சரியாக் கிடக்குதே. காரப் பாப்பம், ஸஹீதா."

வியாழக்கிழமை காலை, 'எல்' பலகை கட்டிய ஸஹீதாவின் காரில் இருவரும் தன்னாமுனைக்குப் போனார்கள். வழியில் இருந்த சோதனைச்சாவடியில் யாரும் இறங்கச் சொல்லவில்லை. சிப்பாய் கையை மட்டும் அசைத்தான். ஸஹீதாவுக்கு அது இன்னும் பழகவில்லை. வழக்கம்போல வேகத்தைக் குறைத்து அடையாள அட்டையைத் தேடியவள், தன் கையைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டாள்.

ஒஸ்ரின் தகரக் கொட்டிலில் நின்றது. வெளிறிய பச்சை நிறம், உருண்ட முதுகு, மூக்கின் மேல் சிறகு விரித்த வெள்ளிச் சின்னம். எஞ்சினை மூடும் பொனற்றுக்குக் குறுக்கே சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. காருக்குப் பக்கத்தில் கைகளைத் துணியில் துடைத்தபடி ட்றெவர் நின்றான். நாற்பது வயதிருக்கும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் ஆள்.

"பூட்டுத் திறப்பு ஆரிட்ட இருக்கு?" என்று கதிர்காமத்தம்பி கேட்டார்.

"ஒண்டு என்னட்ட, ஒண்டு அன்ரிட்ட."

பூட்டைத் திறந்து பொனற்றை உயர்த்தினான். கதிர்காமத்தம்பி எஞ்சினைப் பார்க்கவில்லை. முதலில் குனிந்து சட்டகத்தைப் பார்த்தார். பிறகு கதவுக் கீல்கள், பிறகு பொனற்றின் உட்புறம். நிறம் பூசியிருந்தும் அடியில் உப்புத் தின்ற குழிகள் அம்மைத் தழும்புபோலத் தெரிந்தன. கடைசியாக எஞ்சினின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழாகத் தடவினார். மசகைத் துடைத்துவிட்டு மறுபடியும் தடவினார். அந்த இரும்பு வழுவழுவென்று இருந்தது. "கடலுக்குப் பிறகு கல்லடியிலயிருந்து நாவலடி வரைக்கும் உடைஞ்சு கிடந்த வாகனமெல்லாம் நான்தான் கணக்கெடுத்தனான்," என்றார் யாருக்கும் என்றில்லாமல். "முன்னூறுக்கு மேல." பிறகு டோர்ச்சை ஸஹீதாவிடம் நீட்டினார். "இலக்கத்தச் சத்தமா வாசியுங்க."

அவள் எட்டிப் பார்த்தாள். "ஐஞ்சு, ஒண்டு, நாலு, எட்டு, ஆறு, எட்டு." கொப்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "சேர்… கடதாசில உள்ளதுதான். அதே இலக்கம்."

அப்படியானால் கொழும்புப் பதிவு பிழை, கிளெனின் கடதாசி சரி. கொட்டில் வாசலில் நின்ற பியட்றிஸ் எட்டி எஞ்சினைப் பார்த்தார். கதிர்காமத்தம்பி தன் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கிளென் வந்த அண்டைக்கு பொனற்றத் திறந்தவரா?"

"இல்ல, சேர்," என்றார் பியட்றிஸ். "தொடவே இல்ல. சுத்தி வந்து பாத்தார், அவ்வளவுதான்."

ஸஹீதாவின் மூளை ஓட ஆரம்பித்தது. பொனற்றைத் திறக்காதவனுக்கு எஞ்சின் இலக்கம் எப்படித் தெரியும்? திறப்பு இரண்டுதான். ஒன்று பியட்றிஸிடம். மற்றது… யோசித்து முடிக்குமுன் வாய் முந்திக்கொண்டது.

"அப்ப திறப்பு வச்சிருக்கிற ஆள்தான் இலக்கத்தக் குடுத்திருக்கவேணும்."

ட்றெவர் கையிலிருந்த துணியைக் காரின் மட்காட்டில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்கு நடந்துபோனான். பியட்றிஸ் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைக் கண்டதும், சொன்னதை அள்ளி விழுங்கிவிட முடியாதா என்று ஸஹீதாவுக்கு இருந்தது.

உள்ளே மேசையடியில் அமர்ந்து கதிர்காமத்தம்பி விசாரித்தார். இந்த மாதம் வேறு யார் வந்தார்கள்? இன்சூரன்ஸ் முகவர் சதீசன் வந்தானாம், முதலாந் திகதி. இத்தனை வருடமும் பழைய கடதாசியைப் பார்த்தே புதுக் கடதாசி எழுதினார்கள். இந்த முறை சதீசனின் கம்பனிக்கு மாறியதால் அவன் பொனற்றைத் திறக்கச் சொல்லி, தானே பார்த்து எல்லாவற்றையும் புதிதாக எழுதினான். ஏழு இடத்துக்குப் போகவேண்டிய அவசரத்தில் நின்ற நிலையிலேயே எழுதிவிட்டு ஓடினான்.

"அந்தக் கடதாசி?"

பியட்றிஸ் மேசையில் பூச்சாடிக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "வந்த நாளிலயிருந்து இஞ்சதான் கிடக்கு."

கதிர்காமத்தம்பி அதைப் பார்த்தார். தன் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தார். மறுபடியும் அதைப் பார்த்தார். "இத நாளைக்கு மட்டும் இரவலாத் தாங்க. கிளென் வந்த அண்டைக்கு என்ன குடிச்சார், அக்கா?"

பியட்றிஸ் திகைத்தார். "கோப்பி போடவா எண்டு கேட்டன். இளநி இருந்தா நல்லம் எண்டார்."

"ஆரு பறிச்சது?"

"ட்றெவர் சாமான் வாங்க டவுனுக்குப் போயிட்டான். நான்தான் பின் வளவுக்குப் போய்க் கொக்கத்தடியால பறிச்சன். பத்து நிமிஷத்துக்கு மேல போயிருக்கும்."

அவர் தலையசைத்துவிட்டு எழுந்து கிணற்றடிக்குப் போனார். ஸஹீதா தூரத்திலிருந்து பார்த்தாள். அவர் ஏதோ ஒரு வசனம்தான் சொன்னார். ட்றெவர் சட்டென்று கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டான். பிறகு நெடுநேரம் அவனே பேசினான். இடையில் புறங்கையால் கண்ணைத் துடைத்தான்.

திரும்பி வரும்போது ஸஹீதாவால் பொறுக்க முடியவில்லை. "ஒத்துக்கொண்டானா, சேர்?"

"ஓம். ஒண்ட ஒத்துக்கொண்டான்."

"அப்ப நான் சொன்னது சரிதானே?"

"றோட்டப் பாத்து ஓட்டுங்க, ஸஹீதா," என்றார் அவர். "ராவைக்கு உங்கட கொப்பில எழுதினத ஒவ்வொரு எழுத்தாப் பாருங்க."

அன்றிரவு பிள்ளைகள் சாப்பிட்டு முடிந்ததும் ஸஹீதா கொப்பியைத் திறந்தாள். கடதாசியில் இருந்து எழுதியது 518468. எஞ்சினில் இருந்து தான் வாசித்தது அவளுக்கு மனப்பாடம். அதையும் கீழே எழுதிப் பார்த்தாள். 514868. எட்டும் நாலும் இடம் மாறிக் கிடந்தன. கொட்டிலில் அவள் ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடாமலே இரண்டும் ஒன்று என்று சொல்லிவிட்டாள். கடதாசியில் இருந்தது பிழையாகப் பார்த்தெழுதிய இலக்கம் என்று விளங்கியது. ஆனால் அந்தப் பிழை யாரைச் சுட்டுகிறது என்று விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பதரை மணிக்குத் தன்னாமுனைக் கோயில் ஒழுங்கையில் ஒரு திறந்த லொறி வந்து நின்றது. அதன் பின்னால் வந்த வேனிலிருந்து கிளென் இறங்கினார். அறுபத்துநாலு வயதிலும் நிமிர்ந்த உடம்பு, கையில் தொப்பி. கூடவே அந்தச் சட்டத்தரணி, இளைஞர். ஒஸ்ரினின் பொனற் திறந்து வைத்திருந்தது. பியட்றிஸும் கதிர்காமத்தம்பியும் ஸஹீதாவும் கொட்டிலில் காத்திருந்தார்கள். ட்றெவரைக் காணவில்லை. ஸஹீதா ஒழுங்கைப் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தாள்.

"எனக்கும் மனவருத்தம்தான், பியட்றிஸ்," என்றார் கிளென். "ஆனா பேர்டி எனக்கு வித்தது வித்ததுதானே."

"நான் மோட்டார்ப் பகுதியில வேலை செஞ்சவன்," என்று கதிர்காமத்தம்பி பணிவாகத் தொடங்கினார். "அக்கா காரத் தாறதுக்கு முந்தி நாலு கேள்வி கேக்கலாமா? மூலக் கடதாசி கொண்டு வந்திருக்கீங்களா?"

சட்டத்தரணி கோப்பிலிருந்து எடுத்துக் காட்டினார்.

"இந்த இலக்கங்கள எழுதினது ஆரு?"

"நான்தான்," என்றார் கிளென். "பேர்டி பொனற்றத் தூக்கிப் பிடிக்க, நான் கார்ல கண்டதக் கண்டபடி எழுதினனான். பழைய கார் வாங்கிறவன் எஞ்சின் இலக்கத்தத் தன்ட கண்ணால பாக்காம எழுதமாட்டான்."

"இரண்டாயிரத்து நாலு நவம்பரில?"

"நவம்பர் பன்னிரண்டு."

"அதுக்குப் பிறகு இந்த எஞ்சின எப்ப பாத்தீங்க?"

"இண்டைக்குத்தான். போன முறை வந்தநேரம் பொனற்றத் திறக்கவே இல்ல. பியட்றிஸக் கேளுங்க."

"கேட்டனான். அவவும் அப்பிடித்தான் சொல்றா. நல்லது." கதிர்காமத்தம்பி சட்டத்தரணியின் பக்கம் திரும்பினார். "தம்பி, இந்தக் கார் மூண்டு நாள் உப்புத் தண்ணிக்குள்ள கிடந்தது. கீழ்ச் சட்டகத்தப் பாருங்க, கீல்களப் பாருங்க. குழி குழியாத் திண்டிருக்கு. இப்ப எஞ்சின்ல கைய வச்சுப் பாருங்க."

இளைஞர் தயங்கிவிட்டுக் கையை வைத்தார்.

"ஒரு குழியும் இல்ல," என்றார்.

"ஒரே கடல், ஒரே மூண்டு நாள். கார் முழுக்கத் திண்ட கடல் எஞ்சின மட்டும் ஏன் விட்டது?"

வெளியே சில்லுகள் கல்லில் உருளும் சத்தம் கேட்டது. ட்றெவர் ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். அதில் தறப்பாளால் சுற்றிய பெரிய உருப்படி ஒன்று இருந்தது. அவன் பியட்றிஸைப் பார்க்காமலே தறப்பாளை விலக்கினான்.

அது ஓர் எஞ்சின். ஆனால் அதைப் பார்த்தவுடனே இனி அது ஒருநாளும் ஓடாது என்று ஸஹீதாவுக்குக்கூடத் தெரிந்தது. உப்பு அதை எறும்பு தின்ற பாண்போல ஆக்கியிருந்தது. ஆனாலும் யாரோ அதற்கு விடாமல் எண்ணெய் பூசி வந்திருந்தார்கள். இலக்கம் பதித்த இடம் மட்டும் சுரண்டித் துலக்கியிருந்தது.

"ஸஹீதா, வாசியுங்க. இந்த முறை மெதுவா."

"நாலு. சைபர். ரெண்டு. ஒண்டு. ஏழு. ஐஞ்சு." அவளுடைய குரல் உயர்ந்தது. "402175! கொழும்புப் பதிவில உள்ளது!"

"பேர்டிட எஞ்சின் இதுதான்," என்றார் கதிர்காமத்தம்பி. "இது கடலோட செத்துப் போச்சு. இப்ப கார்ல இருக்கிறத ட்றெவர் வாழைச்சேனையில ஒரு அரிசி ஆலைக்காரர்ட உடைஞ்ச ஒஸ்ரின்லயிருந்து கழட்டிக்கொண்டு வந்து, 2006ஆம் ஆண்டுதான் பூட்டினவன். அரிசி ஆலைக்காரர் இருக்கிறார், அந்தக் காரும் கிடக்கு. அப்ப, 2004ஆம் ஆண்டு பேர்டி பொனற்றத் தூக்கிப் பிடிக்க, ரெண்டு வருஷத்துக்குப் பிறகு வரப்போற எஞ்சின்ட இலக்கத்த மிஸ்டர் கிளென் எப்பிடி எழுதினார்?"

கிளென் தொப்பியைக் கை மாற்றினார். "அப்ப… அப்ப இவன்தான்!" என்று ட்றெவரைச் சுட்டினார். "இவன்தான் யாருக்கோ இலக்கத்தக் குடுத்து, என்ட பேரில…"

"அப்பிடித்தான் நேத்து இஞ்ச ஒரு பேச்சு வந்தது," என்றார் கதிர்காமத்தம்பி. ஸஹீதா தலையைக் குனிந்தாள். "ஆனா யோசிச்சுப் பாருங்க. எஞ்சின் மாத்தின விஷயம் இந்த ஊரில ட்றெவருக்கு மட்டும்தான் தெரியும். 2004ஆம் ஆண்டுக் கடதாசி ஒண்டு பொய்யா எழுதவேணுமெண்டா, அவன் பழைய எஞ்சின்ட இலக்கத்தத்தானே குடுப்பான்? புது இலக்கத்தப் போட்டவன் எஞ்சின் மாறினது தெரியாத ஒருத்தன். அந்தக் கடதாசில பிழையா எழுதிக் கிடக்கிற ஒவ்வொரு எழுத்தும் ட்றெவர் குற்றமில்லாதவன் எண்டுதான் சொல்லுது."

ஸஹீதா தன் கொப்பியைப் பார்த்தாள். நேற்று அவனைக் குற்றவாளியாக்க அவள் நீட்டிய அதே இலக்கம்தான் இன்று அவனைக் காப்பாற்றியது.

"அப்ப அந்த இலக்கம் எங்கயிருந்து வந்தது?" என்று கேட்டவர் சட்டத்தரணி. அவருடைய குரல் மாறியிருந்தது.

"ஸஹீதா ராத்திரி கண்டுபிடிச்சிருப்பா."

அவள் கொப்பியை விரித்து அவரிடம் நீட்டினாள். "எஞ்சின்ல 5-1-4-8-6-8. உங்கட கடதாசில 5-1-8-4-6-8. எட்டும் நாலும் இடம் மாறிக் கிடக்கு."

"கார்ல கண்டதக் கண்டபடி எழுதினவர் அப்பிடி எழுதமாட்டார்," என்றார் கதிர்காமத்தம்பி. சட்டைப்பையிலிருந்து இன்சூரன்ஸ் கடதாசியை எடுத்து விரித்தார். "சதீசன் எண்ட தம்பி, இந்த மாசம் முதலாந் திகதி, அவசரத்தில நிண்டுகொண்டு எழுதினது. எஞ்சின் இலக்கத்த வாசியுங்க, தம்பி."

இளைஞர் வாசித்தார். "518468."

"இந்தப் பிழை உலகத்தில ரெண்டே ரெண்டு இடத்தில கிடக்கு. ஒண்டு இஞ்ச. மற்றது உங்கட கட்சிக்காரர்ட கடதாசில. இது ஒக்டோபர் ஒண்டிலயிருந்து இந்த வீட்டு மேசையில பூச்சாடிக்குக் கீழ கிடந்தது. நாலாந் திகதி மிஸ்டர் கிளென் அந்த மேசையில உக்காந்திருந்தார். கோப்பி வேணாம், இளநி வேணும் எண்டார். கோப்பிக்குக் குசினி பக்கத்திலதான். இளநிக்குப் பின் வளவுக்குப் போகவேணும். அக்கா திரும்பி வரப் பத்து நிமிஷம் போனது. சட்டக இலக்கம், எஞ்சின் இலக்கம் ரெண்டயும் பாத்து எழுதப் பத்து நிமிஷம் தாராளம். பேர்டிட கையெழுத்துக்குப் பழைய கடிதங்கள் அவரிட்ட இருந்திருக்கும். கூட்டாளிமார்தானே. சாட்சிக்குப் பேசமுடியாத ஆக்களாத் தெரிஞ்செடுத்திருக்கார்."

சட்டத்தரணி தன் கோப்பை மூடினார். மூலக் கடதாசியை மட்டும் அதற்குள் வைக்கவில்லை. அதைக் கதிர்காமத்தம்பியிடம் நீட்டினார். "என்ட கடிதத்த இண்டைக்கே எழுத்தில திரும்ப எடுக்கிறன். எனக்கு இது தெரியாது, சேர்," என்றார்.

கிளென் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் பார்த்தது பியட்றிஸை. "பியட்றிஸ், அந்தக் கார் இஞ்ச கிடந்து பழுதாப் போகுமெண்டுதான்…"

"காரக் கேட்டு வந்ததில எனக்குக் கோபமில்ல, கிளென்," என்றார் பியட்றிஸ். "பேர்டிட கையெழுத்தப் போட்டியே. அவன் இல்லயெண்ட துணிவிலதானே போட்டாய்? உன்னோட ஒண்டாத் தொழில் பழகினவன்தானே அவன்." கதிர்காமத்தம்பியின் கையிலிருந்த கடதாசியை வாங்கி மடித்துத் தன் பைக்குள் வைத்தார். "இத நான் பொலிசில குடுக்கப்போறன். நீ அங்க வந்து கதை."

லொறி வெறுமனே திரும்பிப் போனது. ஒழுங்கை குறுகலாக இருந்ததால் முன்னும் பின்னுமாக ஐந்தாறு தடவை திருப்ப வேண்டியிருந்தது.

பிறகு பியட்றிஸ் தள்ளுவண்டியருகே போனார். துருவேறிய அந்த இரும்பில் விரல்களை வைத்தார். ட்றெவர் நிலத்தைப் பார்த்தபடி நின்றான்.

"அண்டைக்குக் கார இழுத்தெடுத்த நேரம் நீங்க சொன்னீங்க, அன்ரி," என்றான். அவன் இவ்வளவு நீளமாகப் பேசி ஸஹீதா கேட்டதில்லை. "எஞ்சினும் போயிட்டுதெண்டு மட்டும் சொல்லாத எண்டு. இது அங்கிள் தன்ட கையால பூட்டினது எண்டு. நான் ஆறு மாசம் பாத்தன். ஏலாமப் போச்சு. சொல்ல வாய் வரல்ல."

"அதுக்காக மூண்டு வருஷம் ஒளிச்சு வச்சு எண்ணெய் பூசினியா?"

"எறிய மனம் வரல்ல."

பியட்றிஸ் அவனை நிமிர்ந்து பார்த்தார். அழுவார் என்று ஸஹீதா நினைத்தாள். அவர் சிரித்தார், கண்ணீரோடுதான், ஆனால் சிரித்தார். "விசரா! பேர்டி இருந்திருந்தா முதல் மாசமே இதத் தூக்கிப் போட்டுட்டு வேற எஞ்சின் தேடிப் போயிருப்பான். ஓடாத எஞ்சினோட அவனுக்குப் பொறுமை இல்ல." எண்ணெய் பட்ட விரல்களாலேயே அவன் கன்னத்தைத் தொட்டார். "நேத்து நானும் உன்ன ஒரு கணம் சந்தேகப்பட்டன். மன்னிச்சுக்கொள்."

ஸஹீதா முன்னால் வந்தாள். "சொன்னது நான்தான், ட்றெவர். யோசிக்காம வாய விட்டுட்டன். என்னயும் மன்னிக்கவேணும்."

அவன் தோளைக் குலுக்கினான். "நாளைக்கு ஏறாவூர்ல கலியாணம். கார் கழுவ ஒரு ஆள் குறையுது," என்றான்.

அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாளியைத் தேடினாள்.

கார் கழுவப்படும் நேரத்தில் கதிர்காமத்தம்பி நிழலில் இருந்து பியட்றிஸுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னார். கார் நிற்கும் நேரத்தில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் றோட்டரைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சாமான் இல்லாமல் எந்தக் கள்ளனாலும் எஞ்சினை இயக்க முடியாது. இலக்கங்களோடு காரைப் படம் பிடித்து இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். இன்சூரன்ஸ் கடதாசியைச் சதீசனைக் கொண்டு திருத்துவிக்க வேண்டும்.

"ஆனா அக்கா," என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "சங்கிலியும் பூட்டும் தெருக்கள்ளனுக்குத்தான். இவர் வந்தது கடதாசி வழியா. பதிவில உயிரோட ஒரு சொந்தக்காரர் இல்லாத காரத்தான் இப்பிடியான ஆக்கள் தேடித் திரியிறாங்க. கதவத் திறந்து விட்டது அதுதான்."

பியட்றிஸ் காரைப் பார்த்தார். நுரைக்குள் ஸஹீதாவும் ட்றெவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"திங்கக்கிழம கச்சேரி திறக்கிறது எத்தின மணிக்கு, சேர்?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை எட்டரை மணிக்கே பியட்றிஸ் ட்றெவரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஏறாவூர்க் கலியாணம் சிறப்பாக முடிந்ததாம். மாப்பிள்ளை வீட்டார் காரை விட்டு இறங்க மனமில்லாமல் ஊரை இன்னொரு சுற்றுச் சுற்றச் சொன்னார்களாம். படிவங்களை ஸஹீதாவே நிரப்பினாள். எஞ்சின் மாற்றத்துக்கு ஒன்று, உரிமை மாற்றத்துக்கு ஒன்று. இலக்கங்களை ஒவ்வொன்றாக இரண்டு முறை சரிபார்த்தாள். மரணச் சான்றிதழைப் பியட்றிஸ் தானே பையிலிருந்து எடுத்து, மடிப்பை நீவிவிட்டு, மற்றக் கடதாசிகளுக்கு மேலே வைத்தார்.

கச்சேரிக் கருமபீடத்தில் இருந்த இளம் எழுதுவினைஞர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டுப் பியட்றிஸின் தோளுக்கு மேலாக ட்றெவரைப் பார்த்தார்.

"வாகனச் சொந்தக்காரர் நீங்கதானே? இஞ்ச ஒரு கையெழுத்துப் போடுங்க."

ட்றெவர் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"சொந்தக்காரி நான்தான், தம்பி," என்று சொல்லிவிட்டுப் பியட்றிஸ் பேனையை வாங்கினார்.